கண்ணாடி அறையா, நிழல் அறையா?

வீட்டை ஒட்டி, செடிகொடிகளுக்கு நடுவே, முழுக்க உள்ளும் இல்லாமல் முழுக்க வெளியும் இல்லாமல் ஓர் அறை இருக்க வேண்டும் என்ற ஆசை நம்மில் பலருக்கு உண்டு. காலையில் காப்பியும் செய்தித்தாளுமாக உட்கார, மாலையில் வந்தவர்களோடு பேசிக்கொண்டிருக்க, பிள்ளைகள் பாடம் எழுத, பெரியவர்கள் வெளிச்சத்தையும் தெருவையும் பார்த்தபடி பொழுதைக் கழிக்க அப்படி ஓரிடம் அமைந்தால் நல்லதுதான்.

லண்டனிலோ டொராண்டோவிலோ நியூஜெர்சியிலோ இருக்கும் பிள்ளைகளின் வீட்டுக்குப் போய்வந்த அன்பர்கள், அங்கே தோட்டத்துப் பக்கம் கூரையும் சுவரும் கண்ணாடியாலேயே கட்டப்பட்ட அறையைப் பார்த்திருப்பார்கள். கன்சர்வேட்டரி என்றும் சன் ரூம் என்றும் அதற்குப் பெயர். ஊர் திரும்பி, திருப்பதியிலோ சித்தூரிலோ புது வீடு கட்டும்போதும், பழைய வீட்டைப் புதுப்பிக்கும்போதும், "அதே மாதிரி நமக்கும் ஒன்று" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கண்ணாடி, யூ.பி.வி.சி. சட்டம், பாலிகார்பனேட் ஷீட் எல்லாம் இப்போது நம் ஊர்க் கடைகளிலேயே கிடைப்பதால், கேட்டவுடன் போட்டுத் தரவும் ஆள் இருக்கிறது.

ஆனால் பி.எஃப். பணத்தையோ பிள்ளைகள் அனுப்பிய பணத்தையோ போட்டு ஆசையாகக் கட்டிய அறை, மார்ச் மாதம் பிறந்ததும் உள்ளே கால் வைக்க முடியாத அடுப்பாகி, பழைய நாற்காலியும் அட்டைப் பெட்டிகளும் அடுக்கி வைக்கும் இடமாக மாறிவிட்டால் யாருக்கு லாபம்? பண நஷ்டம் ஒருபுறம் இருக்கட்டும். 2015-ஆம் ஆண்டு மே மாத வெப்ப அலையில் ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் சேர்த்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கோடையில் முதியவர்கள் எந்த அறையில் உட்காருகிறார்கள் என்பது இந்தப் பகுதியில் விளையாட்டான கேள்வி அன்று. ஆகவே அறையைத் தேர்ந்தெடுக்கும் முன் சில விவரங்களை யோசித்துப் பார்ப்பது நல்லது.

கண்ணாடி வீடு பிறந்த கதை

கண்ணாடி அறை குளிர்நாட்டின் பிள்ளை. ஆரஞ்சு, எலுமிச்சை போன்ற வெப்பநாட்டு மரங்களைக் குளிர்காலத்தில் சாகாமல் காப்பாற்றவே ஐரோப்பியப் பிரபுக்கள் முதலில் இத்தகைய கட்டடங்களைக் கட்டினார்கள். இங்கிலாந்தில் கண்ணாடிக்கு இருந்த வரி 1845-இல் நீக்கப்பட்டதும் அது மலிந்தது. 1851-இல் லண்டன் ஹைட் பார்க்கில் ஜோசப் பாக்ஸ்டன் அமைத்த கிரிஸ்டல் பேலஸ் என்னும் கண்ணாடி மாளிகை உலகப் புகழ் பெற்றது. பாக்ஸ்டன் அடிப்படையில் ஒரு தோட்டக்காரர். செடிகளுக்காகக் கண்ணாடி வீடுகள் கட்டிக் கட்டிக் கைதேர்ந்தவர்.

அந்த மாளிகையைப் பற்றி நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. லண்டன் கோடையின் மிதமான வெயிலைக்கூடத் தாங்க முடியாமல் போகும் என்று, பாக்ஸ்டன் கூரையின் மேல் துணியை விரித்து நிழல் செய்தார். கண்ணாடியைப் போட்டவரே அதன்மேல் துணியையும் போட வேண்டியிருந்தது!

நம் பக்கத்திலும் கண்ணாடி மாளிகைகள் உண்டு. பெங்களூர் லால்பாக்கில் 1889-இல் அடிக்கல் நாட்டப்பட்ட கண்ணாடி மாளிகையைப் பலரும் மலர்க் கண்காட்சியின்போது பார்த்திருப்பீர்கள். உதகையின் தாவரவியல் பூங்காவிலும் செடிகளுக்கான கண்ணாடி வீடு இருக்கிறது. ஆனால் பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,000 அடி உயரம், உதகை 7,000 அடிக்கும் மேல். சித்தூர் ஏறக்குறைய ஆயிரம் அடி, திருப்பதி அதில் பாதிதான். மேலே சொன்ன இரண்டும் செடிகளுக்காகவும் கண்காட்சிக்காகவும் கட்டப்பட்டவை. அங்கே யாரும் மே மாத மதியத்தில் ஈசிசேர் போட்டுப் படுப்பதில்லை.

நம் ஊர் வெயிலின் கணக்கு

லண்டனில் டிசம்பர் மாத நடுப்பகலில் சூரியன் அடிவானத்திலிருந்து 15 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். சாய்ந்து வரும் அந்த இளவெயிலைப் பக்கவாட்டுக் கண்ணாடி வழியாக வீட்டுக்குள் அழைத்துக்கொள்வதுதான் அங்கே நோக்கம். அதே டிசம்பர் நடுப்பகலில் சித்தூரில் சூரியன் 53 டிகிரி உயரத்தில் இருக்கும். ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் நடுவிலும் நேர் உச்சிக்கே வந்துவிடும். அந்த நாட்களில் நண்பகலில் வெளியே நின்றால் நம் நிழல் நம் காலடியிலேயே கிடக்கும். அதாவது, நம் ஊரில் வெயிலை முதலில் வாங்குவது சுவர் அன்று, கூரை. அந்தக் கூரையையே கண்ணாடியாகப் போட்டால் என்ன ஆகும்?

தெளிந்த வானத்தில், உச்சி வெயிலில், ஒரு சதுர மீட்டர் பரப்பின் மேல் ஏறக்குறைய 1,000 வாட் வெப்பம் விழுகிறது. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை என்றால் 120 சதுர அடி, அதாவது சுமார் 11 சதுர மீட்டர். சாதாரணத் தெளிந்த கண்ணாடி, விழும் வெயிலில் ஐந்தில் நான்கு பங்கை உள்ளே விட்டுவிடும். கணக்குப் பார்த்தால் கிட்டத்தட்ட 9,000 வாட். ஓர் இஸ்திரிப் பெட்டி 1,000 வாட் என்று வைத்துக்கொண்டால், ஒன்பது இஸ்திரிப் பெட்டிகளைச் சூடேற்றி அந்தச் சிறிய அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தியதற்குச் சமம்.

"ஏ.சி. போட்டுக்கொள்ளலாமே?" என்பீர்கள். ஒன்றரை டன் ஏ.சி. ஒன்று வெளியேற்றக்கூடிய வெப்பம் சுமார் 5,200 வாட். கூரை வழியே வரும் வெயிலுக்கு மட்டுமே அப்படி இரண்டு ஏ.சி. வேண்டும். மின் கட்டணத்தை நீங்களே நினைத்துப் பாருங்கள். மின்சாரம் போய்விட்டால் ஐந்தே நிமிடத்தில் எழுந்து ஓட வேண்டியதுதான்.

உள்ளே வந்த வெயில் தரையையும் நாற்காலியையும் சூடாக்கும். அவற்றைத் தொட்டுச் சூடான காற்று மேலே எழுந்து வெளியேற வழியில்லாமல் கண்ணாடிக்குக் கீழேயே தங்கும். வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் ஏறும்போது முகத்தில் அடிக்கிறதே, அதே அனல்தான். குளிர்நாட்டவருக்கு இது வரப்பிரசாதம். நமக்கு வேண்டியதோ இதற்கு நேர் எதிரானது. வெயில் உள்ளே வரக்கூடாது, வந்த சூடு உள்ளே தங்கக்கூடாது, காற்று மட்டும் தாராளமாக வந்துபோக வேண்டும்.

இந்த மூன்றையும் செய்யும் இடத்துக்கு நம் முன்னோர் திண்ணை என்றும் தாழ்வாரம் என்றும் பெயர் வைத்தார்கள். தெலுங்கு அன்பர்கள் அருகு என்றும் வசாரா என்றும் சொல்வார்கள். வராந்தா என்ற சொல் ஆங்கிலத்துக்குப் போனதே இந்தியாவிலிருந்துதான். நம் ஊருக்கேற்ற தோட்ட அறை என்பது, இந்தத் திண்ணையையே கொஞ்சம் அகலமாக்கி, கொசுவும் சாரலும் வராமல் செய்து, செடிகளுக்கு நடுவே வைப்பதுதான். கண்ணாடி அறைக்குப் பதில் நிழல் அறை என்று சொல்லலாம்.

எந்தப் பக்கம் கட்டுவது?

மனை விஷயத்தில் நம் விருப்பப்படி எல்லாம் அமைவதில்லை. ஆனாலும் இரண்டு பக்கம் இடம் இருந்தால் எதைத் தேர்ந்தெடுப்பது என்று தெரிந்திருப்பது நல்லது.

கிழக்குப் பக்கம் மிகவும் ஏற்றது. காலை இளவெயில் கிடைக்கும், மதியத்துக்குப் பின் வீட்டின் நிழலே அறையின் மேல் விழும், மாலையில் உட்காரச் சுகமாக இருக்கும். வடக்குப் பக்கமும் நல்லதே. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுவரை தவிர மற்ற மாதங்களில் நடுப்பகல் வெயில் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. தெற்குப் பக்கத்தைச் சமாளிப்பது சுலபம். கூரையை மூன்று அடி வெளியே நீட்டிவிட்டால், டிசம்பர் நடுப்பகலிலும் நான்கு அடி உயரத்துக்கு நிழல் கிடைக்கும். மற்ற மாதங்களில் நிழல் இன்னும் நீளும்.

மேற்குப் பக்கம்தான் சங்கடம். அதே மூன்று அடிக் கூரை, மே மாதம் மாலை நான்கு மணிக்கு மேற்கே தருவது சுமார் இரண்டடி நிழல்தான். ஐந்து மணிக்கு அதுவும் குறைந்துவிடும். நாள் முழுதும் காய்ந்த காற்றின் மேல் சாய்ந்த வெயிலும் சேர்ந்துகொள்வதால், மனிதர்கள் உட்கார மிகவும் மோசமான இடம் அதுவே. மேற்கில்தான் இடம் உண்டு என்றால் தட்டியோ கொடியோ மரமோ இல்லாமல் கட்ட வேண்டாம்.

மேஸ்திரியை அழைப்பதற்கு முன்னால் செலவில்லாத ஒரு சோதனையைச் செய்து பாருங்கள். அறை வரவேண்டிய இடத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு, காலை ஒன்பது மணி, மதியம் ஒரு மணி, மாலை நான்கரை மணி ஆகிய மூன்று வேளையும் பத்துப் பத்து நிமிடம் உட்காருங்கள். வெயில் எதுவரை வருகிறது என்று சாக்பீஸால் தரையில் கோடு போட்டு வையுங்கள். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதற்கு ஓர் ஊதுபத்தியின் புகையே சாட்சி. இதை ஏப்ரலில் ஒரு நாளும் டிசம்பரில் ஒரு நாளும் செய்துவிட்டால், எந்த வரைபடமும் சொல்லாததைத் தெரிந்துகொள்ளலாம்.

கூரைதான் முதல் செலவு

கையில் இருக்கும் பணத்தில் பெரும் பங்கைக் கூரைக்கு ஒதுக்குங்கள். தரையும் அலங்காரமும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

தகர ஷீட் மலிவு, ஒரே நாளில் போட்டுவிடலாம். ஆனால் ஒற்றைத் தகரம் காய்ந்து, கீழே இருப்பவர் தலையில் அனலை இறக்கும். மழை பெய்தால் பேச்சுக் கேட்காது. தகரம்தான் போடவேண்டும் என்றால், நடுவில் வெப்பத் தடுப்பு வைத்து வரும் பஃப் பேனலைப் பாருங்கள். அல்லது தகரத்துக்குக் கீழே அரையடி இடைவெளி விட்டு மூங்கில் பாயால் ஒரு பொய்க்கூரை அமையுங்கள். அந்த இடைவெளியில் இரு முனையும் திறந்திருந்தால் சூடான காற்று அந்த வழியே வெளியேறிவிடும்.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைத் தவிர்ப்பது நல்லது. அறுக்கும்போதும் துளையிடும்போதும் உடையும்போதும் பறக்கும் தூள் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரித்திருக்கிறது. ஏற்கெனவே வீட்டில் இருந்தால் அதை அறுக்கவோ தேய்க்கவோ வேண்டாம்.

கான்கிரீட் தளம் உறுதியானது, ஆனால் பகலெல்லாம் வெப்பத்தைக் குடித்து இரவில் கக்கும். கோடை இரவில் விசிறி அனலாய் வீசுவதற்கு இதுவே காரணம். தளத்தின் மேல் வெள்ளைச் சுண்ணாம்போ, வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பூச்சோ அடித்தால் வித்தியாசம் நன்றாகவே தெரியும். வெள்ளை ஓடும் பதிக்கலாம். பூச்சை மழைக்காலம் முடிந்ததும் ஆண்டுதோறும் புதுப்பிக்க மறக்கக்கூடாது.

மங்களூர் ஓடு, நம் ஊருக்குப் பழகிய நல்ல கூரை. 1865-இல் பாசல் மிஷனார் மங்களூரில் ஆலை தொடங்கியதிலிருந்து தென்னாடு முழுவதும் பரவிய ஓடு இது. ஓட்டுக்கு ஓடு இருக்கும் சந்தில் சூடு வெளியேறும், மாலையில் சீக்கிரம் ஆறிவிடும். ஒன்றிரண்டு உடைந்தால் மாற்றுவதும் சுலபம். இங்கே ஒரு சிக்கல் மட்டும் உண்டு. மலையடிவாரத்தில் இருப்பவர்களுக்கு அந்தச் சிக்கல் வாலோடு வரும். குரங்குகள் ஓட்டைப் பெயர்த்துப் பார்க்கும் இடமானால், ஓட்டின் மேல் வெல்டு மெஷ் கம்பி வலையை இழுத்துக் கட்டச் சொல்லுங்கள்.

தென்னங்கீற்றுக்கு ஈடான குளுமை வேறு எதிலும் இல்லை. ஆனால் ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், தீ பயமும் உண்டு. அடுப்புக்கும் மின்கம்பிக்கும் அருகில் கீற்று வேண்டவே வேண்டாம்.

வெளிச்சம் குறையுமே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பக்கங்கள் திறந்திருக்கும் அறைக்குக் கூரை வழியாக வெளிச்சம் தேவைப்படாது. அப்படியும் வேண்டுமானால், ஓட்டு வரிசையில் வடக்கு ஓரமாக இரண்டு கண்ணாடி ஓடு வைத்தால் போதும்.

பக்கங்களை எப்படி அமைப்பது?

சந்திரகிரிக் கோட்டையின் ராஜ மகாலுக்கு உறவினர்களை அழைத்துப் போகாதவர்கள் நம்மில் குறைவு. அடுத்த முறை போகும்போது கட்டடத்தைச் சற்று வேறு கண்ணால் பாருங்கள். மரமே இல்லாமல் கல், செங்கல், சுண்ணாம்புச் சாந்து ஆகியவற்றால் மட்டுமே எழுப்பிய மூன்று அடுக்கு மாளிகை அது. கனத்த சுவர்கள் வெயிலை மெதுவாகத்தான் உள்ளே விடுகின்றன. வரிசை வரிசையான வளைவுத் திறப்புகள் காற்றுக்கு வழிவிடுகின்றன. நாம் அரண்மனை கட்டப் போவதில்லை என்றாலும் அந்தச் சூத்திரம் நமக்கும் பொருந்தும். வெயில் படும் பக்கம் கனமாகவும், நிழல் பக்கம் திறப்பாகவும் இருக்க வேண்டும்.

கேரளத்தில் பல்லாண்டுகள் வீடு கட்டிய லாரி பேக்கர் செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கிக் கட்டும் ஜாலிச் சுவரைப் பெரிதும் பயன்படுத்தினார். மேற்குப் பக்கத்துக்கு இது அருமையான தீர்வு. செங்கல்லின் கனம் சாய்வெயிலைத் தடுக்கும், ஓட்டை வழியே காற்று வரும், தனிச்சுவரைவிடச் செங்கல்லும் குறைவாகவே ஆகும்.

கொடிப் பந்தல் இன்னும் மலிவு. மேற்கே ஒரு கம்பி வலையை நிறுத்தி அதன்மேல் கோவைக் கொடியோ ரங்கூன் மல்லியோ ஏற்றிவிடலாம். அவரையும் பாகலும் போட்டால் நிழலோடு கறிக்கும் ஆயிற்று. பாத்திரம் கழுவிய தண்ணீரே அதற்குப் போதும். இடமிருந்தால் மேற்கே ஒரு புங்கமோ வேம்போ வையுங்கள். கோடை தொடங்கும்போது பழைய இலையை உதிர்த்துவிட்டு, வெயில் உச்சத்துக்குப் போகுமுன் புதுத் தளிரோடு நிழல் விரிக்கும் மரங்கள் இவை.

வெட்டிவேர்த் தட்டியை நனைத்துத் தொங்கவிடும் பழைய வழக்கம், வறண்ட காற்று வீசும் ஏப்ரல், மே மதியங்களில் நல்ல பலன் தரும். ஐப்பசி, கார்த்திகையில் காற்றிலேயே ஈரம் இருப்பதால் அப்போது பயன்படாது. கழற்றி உலர்த்தி உள்ளே வைத்துவிடலாம்.

கண்ணாடி ஆசை முழுவதையும் கைவிட வேண்டியதில்லை. வடக்கிலோ கிழக்கிலோ, நீட்டிய கூரையின் நிழலுக்குள், முழுவதும் திறந்து மடக்கக்கூடிய கண்ணாடிக் கதவு வைத்துக்கொள்ளலாம். மழை அடிக்கும்போது சாத்திவிட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்க்க அது அழகுதான். திறக்க முடியாத நிலைக் கண்ணாடி மட்டும் வேண்டாம்.

முன்பு சித்தூர் மாவட்டத்தோடு இருந்த மதனப்பள்ளி சுமார் 2,300 அடி உயரம். அதற்கும் மேலே ஹார்ஸ்லி மலை 4,000 அடியைத் தாண்டும். அங்கெல்லாம் மார்கழி இரவில் குளிர் தெரியும். அப்பகுதியில் வீடு கட்டுவோர் தெற்குப் பக்கம் கொஞ்சம் கூடுதலாகவே கண்ணாடி வைத்துக்கொள்ளலாம்.

மழை, கொசு, தரை

நம் பகுதிக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை உண்டு. 2021 நவம்பரில் திருப்பதி தத்தளித்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். ஆகவே அறையின் தரை சுற்றுத் தரையைவிட ஒன்றரை அடியாவது உயர்ந்திருக்க வேண்டும். தண்ணீர் தேங்கும் தாழ்வான பகுதியானால் இன்னும் உயர்த்துங்கள். தரைக்கு வெளிப்பக்கமாக வாட்டம் கொடுக்கச் சொல்லுங்கள். சாரல் அடிக்கும் வடகிழக்குப் பக்கத்துக்குச் சுருட்டி ஏற்றும் திரை போதும். தரைக்கு வழவழப்பான டைல்ஸ் வேண்டாம். ஈரத்தில் பெரியவர்கள் வழுக்கி விழுந்தால் இடுப்பெலும்பு முறிந்துவிடும். சொரசொரப்பான கடப்பா கல்லோ சுட்ட மண் ஓடோ நிழலில் காலுக்குக் குளுமையாக இருக்கும்.

கொசுவலை அவசியம். ஆனால் வலை காற்றைப் பாதியளவு மறித்துவிடும் என்பதால், திறப்புகளைத் தாராளமாக விட்டு வலை அடியுங்கள். டெங்குவைப் பரப்பும் கொசு பகலில் கடிப்பது, சுத்தமான தேங்கிய நீரில் பெருகுவது. தொட்டிச் செடிக்கு அடியில் வைக்கும் தட்டுகளை வாரம் ஒருமுறை கவிழ்த்துத் துடைத்துவிட்டால் பாதிக் கவலை தீரும்.

வாடகை வீட்டிலும் அடுக்குமாடியிலும்

"இதெல்லாம் சொந்த வீட்டுக்காரர்களுக்கு" என்று வேலை நிமித்தம் இங்கு வந்து வாடகைக்கு இருக்கும் அன்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். பால்கனியே உங்கள் தோட்ட அறை. மேற்கு பால்கனியானால் வெளி ஓரத்தில் மூங்கில் திரை தொங்கவிடுங்கள். வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே தடுக்க வேண்டும். உள்ளே திரைச்சீலை போடுவதால் பாதிப் பயன்கூட இல்லை, ஏனென்றால் சூடு ஏற்கெனவே வீட்டுக்குள் வந்துவிட்டது. பச்சை நிழல் வலை, பத்துத் தொட்டிச் செடி, இரண்டு மூங்கில் நாற்காலி போதும். வீடு மாறும்போது எல்லாவற்றையும் கூடவே எடுத்துப் போகலாம். பால்கனியை ஸ்லைடிங் கண்ணாடியால் அடைப்பது கூடுதல் அறை கிடைத்தது போலத் தோன்றும். நடைமுறையில் ஹாலுக்கு வரும் காற்றும் சேர்ந்து நின்றுபோகும்.

சொந்த வீட்டுக்காரர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. மனையின் எல்லையோரம் காலியாக விட்ட இடத்திலும் மொட்டை மாடியிலும் நிலையான கூரை எழுப்புவதற்கு முன் மாநகராட்சியிலோ ஊராட்சியிலோ விசாரித்துவிடுங்கள். கட்டியபின் இடிப்பதைவிடக் கேட்டுவிட்டுக் கட்டுவது மேல்.

மேஸ்திரியிடம் சொல்வது எப்படி?

சித்தூர்ப் பக்கத்தில் தமிழ் தெரியாத மேஸ்திரி அபூர்வம். இருந்தாலும் புதிதாக வந்த குடும்பங்களுக்காக நாலு சொல். பந்தல் என்பதற்குப் பந்திரி, தட்டிக்குத் தடிக, தகரக் கொட்டகைக்கு ரேகுல ஷெட்டு, மேற்குக்குப் படமர, கிழக்குக்குத் தூர்ப்பு. வெயில் எண்ட, நிழல் நீட, காற்று காலி. "எண்ட ராகூடது, காலி ராவாலி" என்று சொன்னால் போதும். வெயில் வரக்கூடாது, காற்று வரவேண்டும் என்பது பொருள். இந்தக் கட்டுரை முழுவதையும் அந்த நாலு சொல்லில் அடக்கிவிடலாம்.

பன்னிரண்டு மாதமும் சுகமா?

நிழல் அறை எதுவரை உதவும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஜூலை முதல் பிப்ரவரி வரை பெரும்பாலான நாட்களில் அது காலை முதல் இரவு வரை உட்காரத் தகுந்த இடமாக இருக்கும். மார்ச்சில் மதியம் சற்றுக் கசக்கும். ஏப்ரல், மே, ஜூன் தொடக்கம் ஆகிய வாரங்களில் காலை பத்து மணி வரையும், மாலை ஆறு மணிக்குப் பிறகும்தான் சுகம். நடுவில் உள்ள நேரத்துக்கு வீட்டின் உள்ளறையே பாதுகாப்பு. விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை, நம் உடம்பின் வியர்வையை உலர்த்தித்தான் குளுமை தருகிறது. காற்றின் வெப்பமே 40 டிகிரியைத் தாண்டும்போது விசிறி அனலைத்தான் அள்ளி வீசும். அந்த நேரத்தில் முதியவர்களையும் கைக்குழந்தைகளையும் வெளியறையில் உட்கார வைக்கக் கூடாது. தாகம் எடுக்கும் வரை காத்திராமல் அவர்களுக்கு மோரோ தண்ணீரோ கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

ஆனால் அந்த மதிய வேளையிலும் நிழல் அறை சும்மா இருப்பதில்லை. வீட்டுச் சுவரின் மேல் விழ வேண்டிய வெயிலைத் தான் வாங்கிக்கொண்டு, பின்னால் இருக்கும் அறையைக் காக்கிறது. கண்ணாடி அறையோ தான் சூடாவதோடு நில்லாமல், ஒட்டியிருக்கும் அறையையும் சூடாக்குகிறது. இரண்டுக்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுவே.

குளிர்நாட்டில் இருக்கும் நம் பிள்ளைகள் வெயிலைச் சேர்த்துவைக்க அறை கட்டுகிறார்கள். அவர்கள் ஊருக்கு அது சரி. நம் ஊருக்குத் தகுந்தது எதுவென்று இங்கே அக்கம்பக்கத்துப் பழைய வீடுகளின் திண்ணையில் பத்து நிமிடம் உட்கார்ந்தாலே தெரிந்துவிடும். நம் சங்கத்து அன்பர்களில் ஏற்கெனவே இப்படிப்பட்ட அறை கட்டியிருப்பவர்கள், எந்தப் பக்கம், என்ன கூரை, மே மாதத்தில் எப்படி இருந்தது என்ற மூன்று விவரங்களை மட்டும் ஒரு தாளில் எழுதி இதழுக்கு அனுப்பினால், அடுத்து வீடு கட்டப்போகும் குடும்பங்களுக்கு அது பெரிய உதவியாக இருக்கும்.